கண்ணாடிச் சோதனை: தேறியவையும் தேறாதவையும்

விலங்குக்குத் ‘தான்’ என்ற உணர்வு உண்டா? 1838இல் சார்லஸ் டார்வின் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஒராங்குட்டான்களிடம் கண்ணாடியைக் காட்டிப் பார்த்தார். அவை வியந்தன, உற்றுப் பார்த்தன. ஆனால் அந்த வியப்பு தன்னைக் கண்டதால் வந்ததா, வேறொரு குரங்கைக் கண்டதாக எண்ணியதால் வந்ததா என்று பிரித்தறிய அவரிடம் வழியில்லை. அந்த வழியை 1970இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப் கண்டுபிடித்தார்.

சிம்பன்சிகளின் கூண்டுக்கு முன் அவர் பத்து நாள் கண்ணாடியை வைத்திருந்தார். முதலில் அவை எதிரியைக் கண்டதுபோல் மிரட்டின. சில நாள் சென்றபின், நேராகப் பார்க்க முடியாத பல்லிடுக்கையும் மூக்கையும் கண்ணாடி பார்த்துத் துழாவத் தொடங்கின. பிறகு மயக்க மருந்து கொடுத்து, ஒரு புருவ மேட்டிலும் எதிர்ப்பக்கக் காதிலும் சிவப்புச் சாயம் பூசினார். சாயத்துக்கு மணம் இல்லை. உலர்ந்தபின் தொட்டாலும் தெரியாது. விழித்தெழுந்த சிம்பன்சிகள், கண்ணாடி இல்லாதபோது அந்த இடங்களை ஏறக்குறையத் தொடவேயில்லை. கண்ணாடியை வைத்ததும் திரும்பத் திரும்பத் தொட்டன. கண்ணாடியையே அறியாத சிம்பன்சிகளுக்கும் இதேபோல் சாயம் பூசிப் பார்த்தார். அவை சாயம் பூசிய இடங்களைத் தொடவில்லை.

இந்தச் சோதனையின் பெருஞ்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. ‘தற்செயலாகத் தொட்டிருக்கும்’, ‘சாயம் அரித்திருக்கும்’ என்ற ஐயங்களுக்கு முன்கூட்டியே விடை சொல்லும் அமைப்பு அது. விலங்கின் மனத்தைப் பற்றிய பேச்சைக் கதைகளிலிருந்து மீட்டு, யாரும் திரும்பச் செய்து சரிபார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றியது. 1972இல் இதேபோன்ற சோதனை மனிதக் குழந்தைகளிடமும் நடந்தது. கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்திலுள்ள பொட்டைத் தொடும் திறன் பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் தோன்றுவது தெரிந்தது. விலங்கையும் குழந்தையையும் ஒரே அளவையால் ஒப்பிட முடிந்தது சிறிய பேறன்று.

குறை, அளவுகோல் ஏணியாக மாறியபோது தொடங்கியது. சிம்பன்சியும் ஒராங்குட்டானும் தேறின. ரீசஸ் போன்ற மக்காக் குரங்குகள் தேறவில்லை. உடனே தன்னுணர்வு மனிதனுக்கு நெருங்கிய சில இனங்களுக்கே உரியது என்ற முடிவு பரவியது. சோதனையில் ‘ஆம்’ என்ற விடைக்கு உள்ள வலிமை ‘இல்லை’ என்ற விடைக்கு இல்லை என்பதை அந்த முடிவு கணக்கில் எடுக்கவில்லை. கொரில்லாக்களின் உலகில் கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பது மிரட்டல்; கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கொரில்லாவுக்கு அறிவு குறைவு என்று எப்படிச் சொல்வது? நாய் உலகை அறிவது முதலில் மூக்கால். 2017இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் நாய்களுக்கு அவற்றின் சிறுநீரையே முகரக் கொடுத்தார். இயல்பான சிறுநீரைவிட, வேறு மணம் கலந்த தம் சிறுநீரை அவை அதிக நேரம் முகர்ந்தன. புதுமணம் மட்டுமே ஈர்த்திருக்கலாம் என்ற எதிர்வாதம் உண்டு. ஆனால் நாயிடம் கேள்வியை நாய்க்குரிய புலன் வழியாகக் கேட்க முயன்றதில் அந்த ஆய்வு சரியான திசையில் நிற்கிறது.

யானையின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். 1989இல் வெளிவந்த ஆய்வில் யானைகள் தேறவில்லை. அதில் கண்ணாடி யானைக்குச் சிறியது. எட்டாத இடத்திலும் இருந்தது. 2006இல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஜோஷுவா பிளாட்னிக், ஃபிரான்ஸ் டி வால், டயானா ரைஸ் மூவரும் யானையின் உடலளவுக்கு ஏற்ற பெரிய கண்ணாடியை வைத்தனர். மூன்று ஆசிய யானைகளில் ‘ஹேப்பி’ மட்டும் தன் நெற்றியிலிருந்த வெள்ளைக் குறியைத் துதிக்கையால் தொட்டது. மற்ற இரண்டும் கண்ணாடி முன் தம் உடலை ஆராய்ந்தன; குறியைப் பொருட்படுத்தவில்லை. சேற்றையும் மண்ணையும் தானே வாரிப் பூசிக்கொள்ளும் உயிருக்கு ஒரு வெள்ளைக் குறி ஏன் உறுத்த வேண்டும்?

மனிதக் குழந்தைகளும் இந்தக் கேள்விக்கு விலக்கல்ல. 2011இல் வெளியான ஆய்வில், கென்யாவில் சோதிக்கப்பட்ட 82 குழந்தைகளில் இருவரே தேறினர். ஆறு வயதை எட்டிய குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். தேறாத குழந்தைகளில் பலர் கண்ணாடி முன் அசையாமல் நின்றனர். அவர்களுக்குத் ‘தான்’ என்ற உணர்வில்லை என்று யாரும் சொல்லமாட்டோம். பழக்கமும் சூழலும் விடையை மாற்றும் என்றுதான் சொல்வோம். அந்த நியாயத்தை விலங்குக்கு மறுக்க நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

2019இல் ஜப்பானின் மசனோரி கோடா குழுவினர், பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் ஒரு சிறிய துப்புரவு மீன் இந்தச் சோதனையில் தேறியதாக அறிவித்தனர். தொண்டையில் பழுப்புக் குறியிட்ட மீன்கள் கண்ணாடியில் பார்த்தபின் தொண்டையைத் தரையில் உரசின. கண்ணாடி இல்லாதபோது உரசவில்லை. பின்னர் 2022இல் பச்சை, நீலக் குறிகளை இட்டபோது மீன்கள் கண்டுகொள்ளவில்லை. பழுப்புக் குறி ஒட்டுண்ணியைப் போலிருந்தது. அதனால் அந்த மீனின் வாழ்வில் அதற்குப் பொருள் இருந்தது. குறியை மனிதர் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதே விடையைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த முடிவை ஏற்கப் பலர் தயங்கினர், கேலப்பே மறுத்தார். மாதிரி எண்ணிக்கை சிறியது, உரசல் வெறும் அரிப்பாகவும் இருக்கலாம் என்ற ஆட்சேபங்களில் நியாயமானவை உண்டு. ஆய்வாளர்கள் சிலவற்றுக்குப் புதிய சோதனைகளால் விடையளித்தனர். ஆயினும் சிம்பன்சி தொட்டபோது போதுமான சான்று, மீன் உரசும்போது மட்டும் போதாது என்றால், நாம் அளப்பது விலங்கின் மனத்தை அல்ல, மனிதனோடு அதற்குள்ள உறவின் நெருக்கத்தை. அளவுகோல் எல்லா உயிருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மீனின் தேர்ச்சியை ஐயுறுவோர் சிம்பன்சியின் தேர்ச்சியையும் அதே கடுமையுடன் ஐயுற வேண்டும்.

சோதனையின் விளைவுகள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. ஹேப்பியைக் காட்சிசாலையிலிருந்து சரணாலயத்துக்கு மாற்றக் கோரிய வழக்கில், அது கண்ணாடியில் தன்னை அறிந்தது என்பதும் வாதமாக வைக்கப்பட்டது. 2022இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 5க்கு 2 என்ற கணக்கில் கோரிக்கையை மறுத்தது. வழக்கு வென்றிருந்தாலும் ஒரு சிக்கல் இருந்திருக்கும்: அதே கண்ணாடி முன் குறியைத் தொடாத மற்ற இரு யானைகளுக்கும் துன்பம் குறைவா? உயிர்களின் உரிமையைத் தேர்வு மதிப்பெண்ணின் மேல் கட்டுவது ஆபத்தான அடித்தளம்.

எனவே கண்ணாடிச் சோதனையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் ஆட்சி எல்லையைச் சுருக்க வேண்டும். ‘ஆம்’ என்ற விடையைக் கவனமாக ஏற்கலாம். ‘இல்லை’ என்ற விடையை ‘இன்னும் சரியாகக் கேட்கவில்லை’ என்று படிக்க வேண்டும். சோதனையை அமைக்கும் முன் ஆய்வாளர் அந்த விலங்கின் முதன்மைப் புலன் எது, அதன் வாழ்வில் எந்தக் குறிக்குப் பொருள் உண்டு, எது அதை அச்சுறுத்தும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எளிமையும் கட்டுப்பாடும் கேலப் நமக்குத் தந்த கொடை. அந்தக் கொடையை ஒவ்வோர் உயிரின் வாழ்முறைக்கும் ஏற்ப மாற்றி அமைப்பதே இனி விலங்கு நடத்தை ஆய்வு செய்ய வேண்டிய வேலை.