'ரத்த ஓட்டம் இருக்கிறது' என்ற ஒரு வரி

அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீர்னு வலி, கூடவே வாந்தி. ஸ்கேன் எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் 'சினைப்பைக்கு ரத்த ஓட்டம் இருக்கிறது' என்று ஒரு வரி. அப்பாடா, முறுக்கு இல்லை என்று எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.

அந்த நிம்மதியைக் கேள்வி கேட்கிறது, அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.ஓ.ஜி. 2019-இல் வெளியிட்ட 783-ஆம் எண் கருத்துரை. வளரிளம் பெண்களுக்கு வரும் சினைப்பை முறுக்கம் பற்றியது. அதில் எனக்கு உடன்பாடு நிறைய, ஒன்றிரண்டு குறைகளும் உண்டு.

முதலில் அந்த ஒரு வரி ஏன் ஏமாற்றுகிறது என்று பார்த்துவிடுவோம். சினைப்பை நார்ப்பட்டைகளில் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. 5 செ.மீ.க்கு மேல் நீர்க்கட்டி ஏதாவது வந்து கனம் கூடினால் சுற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சுற்றியதும் முதலில் நசுங்குவது மெல்லிய சுவர் கொண்ட சிரைகள். தமனி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதாவது ரத்தம் உள்ளே போகும், வெளியே வராது, சினைப்பை வீங்கும். போதாததற்கு அதற்கு ரத்தம் வருவதே இரண்டு வழியில்: பெருந்தமனியிலிருந்து நேராக ஒன்று, கருப்பைத் தமனியின் கிளையாக இன்னொன்று. டாப்ளரில் ஓட்டம் தெரிவதில் ஆச்சரியமே இல்லை.

அதனால்தான் டாப்ளரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்கிறது கருத்துரை. அறுவைக்கு முன்பே உறுதியாகச் சொல்லிவிடக்கூடிய அறிகுறியோ படமோ கிடையாது என்றும் ஒத்துக்கொள்கிறது. சந்தேகப்பட்டு லேப்ராஸ்கோப்பி செய்ததில் பாதிப் பேருக்கு முறுக்கு இருப்பதில்லையாம். இதை மறைக்காமல் எழுதியது நேர்மை. ஆனால் உடனே, அவர்களில் பெரும்பாலோருக்கு வேறு மகளிர் நோய் ஏதாவது கண்டுபிடிக்கப்படுகிறது என்று சமாதானம் சொல்வது எனக்கு முழுசா ஒட்டவில்லை. கண்ணில் பட்ட ஒவ்வொரு கட்டிக்கும் அறுவை தேவைப்பட்டிருக்குமா என்ன? ஒரு மயக்க மருந்தும் சின்னத் தழும்புகளும் ஒரு பக்கம், சினைப்பை இழப்பு மறுபக்கம் என்று வைத்தால் நானும் லேப்ராஸ்கோப்பி பக்கம்தான் நிற்பேன். அந்தக் கணக்கை நேராகவே சொல்லியிருக்கலாம்.

கருத்துரையின் உயிர்நாடி அடுத்த பகுதி. முறுக்கிய சினைப்பை கறுத்துக் கிடந்தால் வெட்டி எடுத்துவிடுவது ரொம்ப காலம் வழக்கமாக இருந்தது. செத்துவிட்டது என்ற எண்ணம். முறுக்கைப் பிரித்தால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயம் வேறு. அந்தப் பயம் ஆதாரத்தில் நிற்கவில்லை. கறுப்பு பெரும்பாலும் தேங்கிய ரத்தத்தின் நிறம்தான். எந்த நிறத்தில் இருந்தாலும் பிரித்துவிட்டு அப்படியே விடுங்கள், நைந்து உதிர்கிற நிலை போன்று வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுங்கள் என்கிறது கருத்துரை.

என் பெரிய குறை தலைப்பில். கர்ப்பிணிக்கும், குழந்தைப்பேறு சிகிச்சைக்காக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவருக்கும் இதே முறுக்கு வருகிறது. சிரைக்கு வயசு தெரியாதே. மாதவிடாய் நின்றவர்களிடம் புற்றுநோய்ச் சந்தேகம் கூடுதல், அங்கே சினைப்பையை எடுப்பது பற்றிய கணக்கு வேறு, சரி. ஆனால் டாப்ளர் எச்சரிக்கை எல்லா வயதுக்கும் உரியது.

இணையக் கட்டுரைகள் பற்றியும் சொல்லணும். ஆண்களின் விதைப்பை முறுக்கத்துக்குச் சொல்லும் 6 மணி நேரக் கெடுவை அப்படியே இங்கே ஒட்டிவிடுகிறார்கள். தாமதம் கெடுதல்தான், ஓடத்தான் வேண்டும். ஆனால் நேரம் தாண்டியதால் எல்லாம் போச்சு என்பது தப்பு. அதற்குப் பிறகு பிரித்துவிட்ட சினைப்பைகளும் பிழைத்திருக்கின்றன. இன்னொன்றையும் அவை விட்டுவிடுகின்றன: முறுக்கு சில சமயம் தானே தளர்ந்து மறுபடி இறுகும், வலியும் விட்டுவிட்டு வரும். ஸ்கேன் அறைக்குள் போவது அந்த இடைவெளியில் என்றால் படத்தில் ஓட்டம் நன்றாகவே தெரியும்.