திறமையும் தெரிவும்: நீனா சிமோனின் சுயசரிதையை முன்வைத்து

கலைஞன் பிறக்கிறானா, ஆக்கப்படுகிறானா என்ற வினாவை நம்மிடையே பலர் இன்னும் பொழுதுபோக்காக விவாதித்துக் கொண்டிருக்கின்றனர். மேனாட்டு இசைக் கல்லூரிகளின் வாயிலில் நிற்கும் இளைஞனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. வாத்தியத்தோடு ஒரு மண்டபத்துக்குள் நுழைந்து, பத்துப் பதினைந்து நிமிடங்களுள் அவ்வினாவுக்கு விடையாகத் தன்னையே நிறுத்திவிட்டு அவன் வெளியேற வேண்டும். 'ஒடிஷன்' எனப்படும் இத்தெரிவுப் பரீட்சை குறித்து நம்மவர் எழுதியது குறைவு. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் நீனா சிமோன் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட சுயசரிதையை அண்மையில் மறுபடி படித்தபோது, அந்நூலின் மையமே அத்தகைய ஒரு பரீட்சைதான் என்பது எனக்குப் புலனாயிற்று. நூலாசிரியை அதைப் பற்றிக் கூறுவதையும், அவரை மறுப்போர் கூறுவதையும் சேர்த்து ஆராய்வது பயனுடையது.

சிமோனின் இயற்பெயர் யூனிஸ் வேமன். 1933ஆம் ஆண்டு வட கரோலைனா மாநிலத்தின் ட்ரையன் என்னும் சிற்றூரில், எட்டுப் பிள்ளைகள் கொண்ட வறிய குடும்பத்தில் ஆறாவதாகப் பிறந்தவர். தாயார் மெதடிஸ்த சபையின் போதகர். வெள்ளையர் வீட்டில் வேலைக்காரியாகவும் இருந்தவர். அவ்வீட்டு எசமானி சிறுமியின் கைத்திறனைக் கண்டு, ஓராண்டுக்கு ஆசிரியைக்குரிய பணத்தைத் தாமே தர முன்வந்தார். மியூரியல் மசனோவிச் என்னும் ஆங்கிலேய மாது சிறுமிக்குப் பியானோவையும் பாஹ்வின் இசையையும் கற்பித்தார். அந்த ஓராண்டுப் பணம் தீர்ந்தபின் ஊரார் யூனிஸின் பேரிலேயே ஒரு நிதி திரட்டினர். சிறுமி தம் ஊரில் முதன்முதல் கச்சேரி செய்தபோது முன்வரிசையில் அமர்ந்திருந்த பெற்றோர், வெள்ளையருக்கு இடம் விடும்படி பின்னால் அனுப்பப்பட்டனர். அவர்களைத் திரும்ப முன்னால் இருத்தும்வரை வாசிக்க மாட்டேன் என்று பன்னிரண்டு வயதளவான அச்சிறுமி மறுத்துவிட்டாள். இச்சம்பவத்தைச் சுயசரிதையில் படிக்கும் எவரும் மறக்க மாட்டார்கள்.

பின்னர் ஆஷ்வில் நகரில் ஒரு விடுதிப் பாடசாலை. 1950இல் நியூயோர்க்கின் ஜூலியாட் கல்லூரியில் கார்ல் பிரீட்பேர்க்கிடம் பயிற்சி. பிரீட்பேர்க் கிளாரா ஷூமானின் மாணாக்கர். எனவே வித்துவப் பரம்பரையில் அது நேரடி வாரிசுரிமை. ஆனால் ஜூலியாட்டில் நெடுநாள் தொடர ஊர்நிதி போதாது. பிலடெல்பியாவிலுள்ள கேர்ட்டிஸ் நிறுவகம் மாணவரிடம் கட்டணம் அறவிடுவதில்லை. அங்கு இடம் கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கையில் குடும்பமே பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1951ஆம் ஆண்டு யூனிஸ் அங்கு ஒடிஷன் கொடுத்தார். இடம் மறுக்கப்பட்டது. (அது பட்டப்பின் படிப்பு அன்றுதான், ஆயினும் தெரிவு செய்யும் முறையில் இன்றைய பட்டப்பின் வகுப்புகளுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.)

இம்மறுப்புக்குக் காரணம் தம் நிறமே என்று சிமோன் உடனடியாகக் கருதவில்லை. பின்னரே அம்முடிவுக்கு வந்தார். வந்தபின் இறுதிவரை அதிலிருந்து அசையவுமில்லை. கேர்ட்டிஸின் பேராசிரியரான விளாடிமிர் சோக்கொலொவ், நிறத்துக்கும் மறுப்புக்கும் தொடர்பில்லை, அவரைவிடச் சிறந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவே என்று பிற்காலத்தில் கூறியிருக்கிறார். நிறுவகத்தின் பக்கம் பேசுவோர் வேறு சான்றும் காட்டுகின்றனர். ஜோர்ஜ் வோக்கர் என்னும் கறுப்பினக் கலைஞர் 1945லேயே அங்குப் பயின்று தேறினார். பின்னாளில், 1996இல், இசைக்கான புலிற்சர் பரிசையும் பெற்றார். 1950களின் முற்பகுதியில் பிளாஞ்ச் பேர்ட்டன்-லைல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணும் அங்கே பியானோ பயின்று தேறினார். ஆகவே வாசல் கறுப்பருக்கு அடைக்கப்பட்டிருக்கவில்லை என்பது அவர்கள் வாதம்.

இரு தரப்பாரும் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றினும் ஓர் அடிப்படையில் ஒத்துப் போகின்றனர். திறமை என்பது மண்டபத்துக்குள் வருபவரிடம் முழுமையாக அமைந்திருக்கும் ஒரு பண்டம். அதை நிறுக்கும் தராசு நேர்மையானதா, கள்ளத் தராசா என்பதே வழக்கு. தராசு முற்றிலும் நேர்மையானது என்றே வைத்துக் கொள்வோம். நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்கள் எனவும் கொள்வோம். அப்போதும் அவர்கள் காதில் விழுந்தது எது? ஒருபுறம், பெருநகரங்களில் வளர்ந்து, சிறுவயது முதல் கச்சேரி மண்டபங்களில் கேட்டும் வாசித்தும் பழகிய பிள்ளைகளின் விரல்கள். மறுபுறம், ஒரு எசமானியின் ஓராண்டு இரக்கத்தில் தொடங்கி ஊர் உண்டியலில் வளர்ந்த விரல்கள். 'மற்றவர் சிறந்திருந்தனர்' என்ற தீர்ப்பு உண்மையாகவே இருக்கலாம். அந்த உண்மைக்குள் ட்ரையன் இருக்கிறது. பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட பெற்றோரும் இருக்கின்றனர். நிறவெறி கேர்ட்டிஸ் மண்டபத்துக்குள் அன்று புகுந்ததா என்று தேடுவோர், அது பதினெட்டு ஆண்டுகளாக வெளியே செய்து முடித்திருந்த வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

சான்றாகக் காட்டப்படும் வோக்கரின் வரலாறு இதற்கு அரணே செய்கிறது. அவர் தந்தையார் வாஷிங்டனில் ஒரு வைத்தியர். மகன் ஓபர்லின் கல்லூரியில் பயின்று பதினெட்டு வயதளவில் பட்டம் பெற்று, அதன்பின்னரே கேர்ட்டிஸ் சென்றார். பேர்ட்டன்-லைல்ஸோ பிலடெல்பியா நகரத்துப் பிள்ளை. இவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. வாசல் திறந்திருந்தது என்பவர்கள், அவ்வாசல்வரை யார் யாருக்குப் பாதை இருந்தது என்பதையும் கூறியிருக்க வேண்டும். அதேவேளை நிறத்தை மறந்து வர்க்கத்தை மட்டும் பேசும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: பணக்கார வெள்ளையனுக்கும் ஏழை வெள்ளையனுக்கும் இடையே இருந்த தூரத்தைவிட, அந்த ஏழை வெள்ளையனுக்கும் யூனிஸுக்கும் இடையே ட்ரையன் மண்டபத்தில் இருந்த சில வரிசைகளின் தூரம் சிறியதன்று.

இங்கு எனக்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை நினைவுக்கு வருகிறது. வகுப்பில் அதைக் கற்பிக்கும்போது மாணவர்கள் சலிப்படையும் இடம் ஒன்றுண்டு. மாதவி மேடையேறுவதைக் காண அவர்கள் காத்திருக்க, இளங்கோவோ ஆடலாசானின் தகுதி, இசையாசிரியனின் தகுதி, புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என ஒருவர்பின் ஒருவராக விரித்துக்கொண்டே போகிறார். பிறகு அரங்கின் அளவு, திரைகள், விளக்குகள். மாதவி ஆடத் தொடங்குவதற்கு முன் காதையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. பண்டித மரபினர் இதனைக் கலைச்செய்திக் களஞ்சியம் என்று போற்றுவதோடு அமைவர். என் கருத்தில் இளங்கோ காட்டுவது ஒரு சமூக உண்மை. ஏழாண்டுப் பயிற்சியும் ஆறு ஆசிரியரும் அளந்து கட்டிய அரங்கும் சேர்ந்தே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் ஆடலாகின்றன. அரசன் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் அவள் கையிற் கொடுக்கிறான். கவிஞனோ அவற்றுக்குக் காரணமானோர் அனைவரையும் முன்னரே நம் கண்முன் நிறுத்திவிட்டான். ஒடிஷன் நடுவர்களுக்கு இந்த முற்பகுதி கேட்பதில்லை. அவர்களுடைய காதை மாதவி மேடையேறும் இடத்திலேதான் தொடங்குகிறது.

இன்றைய நிலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் இசையில் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிப்போர் பொதுவாக டிசம்பர் முதல் நாளளவில் விண்ணப்பத்துடன் ஒலி-ஒளிப்பதிவுகளையும் அனுப்ப வேண்டும். அப்பதிவுகளைக் கேட்டே பலர் முதற்கட்டத்தில் கழிக்கப்படுவர். நல்ல பதிவுக்கு நல்ல பியானோவும் எதிரொலி சீரான மண்டபமும் வேண்டும். வயலின்காரருக்குப் பக்கவாத்தியக்காரர் கூலியும் உண்டு. எஞ்சியோர் ஜனவரி முதல் மார்ச் வரை, கடுங்குளிரில், நகருக்கு நகர் பயணம் செய்கின்றனர். பியானோ மாணவர் பாஹ்வின் ஆக்கம் ஒன்று, பேதோவன் முதலியோரின் சொனாட்டா ஒன்று, ஷோபேனின் எட்யூட் ஒன்று, பிற்கால ஆக்கம் ஒன்று என மனனமாக வைத்திருப்பார். நடுவர் கேட்பது சில பக்கங்களே. ஓர் இயக்கம் முடியுமுன் இடைமறித்து அடுத்ததைக் கேட்பர். அது கெட்ட சகுனமுமன்று, நல்ல சகுனமுமன்று, வழக்கம் அவ்வளவே. விண்ணப்பக் கட்டணம் சில இடங்களில் நூறு டொலரையும் தாண்டுகிறது. ஐந்தாறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது சாதாரணம். இவற்றுக்கெல்லாம் முன்பாக, தாம் சேர விரும்பும் பேராசிரியரிடம் ஒரு பாடமேனும் நேரிற் கேட்டுத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கமும் உண்டு. எந்த விதியிலும் எழுதப்படாத இவ்வழக்கம், அறிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

யேல் பல்கலைக்கழகத்தின் இசைக்கல்லூரி பட்டப்பின் கல்லூரி. 2005ஆம் ஆண்டு 100 மில்லியன் டொலர் நன்கொடை ஒன்று கிடைத்ததைத் தொடர்ந்து அங்குக் கல்விக் கட்டணம் அறவே நீக்கப்பட்டது. கேர்ட்டிஸ் 1928 முதலே கட்டணம் பெறாதது. பத்திரிகை அதிபர் ஒருவரின் மகள் தம் செல்வத்தால் நிறுவியது. இவற்றை நான் எள்ளி நகையாட மாட்டேன். கன்னங்கராவின் இலவசக் கல்வி இல்லையேல் பல்கலைக்கழகத்தின் மதிலைக்கூடக் கண்டிராதவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த இலவச வாசலை அடையும்வரை எத்தனை ரியூசன் வகுப்புகளுக்குப் பணம் கட்டினோம் என்பதும் நமக்குத் தெரியும். உள்ளே கட்டணம் நீங்கும்போது போட்டி பெருகுகிறது. போட்டி பெருகும்போது வெளியே ஆயத்தத்தின் விலை ஏறுகிறது.

இதற்கு மாற்றாகத் திரையைக் கூறுவோர் உளர். இசைக்குழுக்களில் வேலைக்கு ஆளெடுக்கும்போது வாசிப்போரைத் திரைக்குப் பின் நிறுத்தும் முறை அமெரிக்காவில் 1970கள் முதல் பரவியது. 1980இல் மியூனிக் பில்ஹார்மொனிக் குழு 'திரு. அபி கொனன்ட்' என்று எழுதி ஒரு ட்ரொம்போன் கலைஞரை அழைத்தது. திரைக்குப் பின்னிருந்து அவர் வாசித்ததைக் கேட்டதும் இவரே வேண்டும் என நடுவர் முடிவு செய்தனர். வெளியே வந்தவர் ஒரு பெண். அதன்பின் அவரை முதல் நிலையிலிருந்து இறக்கி, சுவாசப்பையின் வலிமைக்குக்கூட வைத்தியச் சான்று தேட வைத்தனர்; வழக்கு 1993வரை நீடித்தது. திரை இருந்த சில நிமிடங்களில் நீதியும் இருந்தது. திரை விலகியதும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம். திரையால் பெண்கள் தெரிவாகும் வாய்ப்புக் கூடிற்று என்று கோல்டினும் ரௌசும் 2000இல் எழுதிய ஆய்வு பெரும்புகழ் பெற்றது. அதன் புள்ளிவிபரங்கள் அவ்வளவு உறுதியானவையல்ல என்ற மறுப்பும் பின்னர் எழுந்தது. எவ்வாறாயினும் 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்க இசைக்குழுக்களில் கறுப்பினத்தவர் 1.8 வீதமே. 2020இல் நியூயோர்க் டைம்ஸ் விமர்சகர் அந்தோனி டொமசினி திரையை அகற்றும்படியே எழுதினார். அவருடைய நோக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் திரையைப் போடுவதா, எடுப்பதா என்பது கடைசிப் பத்து நிமிடங்களைப் பற்றிய சண்டையாகவே இருக்கிறது. பட்டப்பின் கல்லூரிகளிலோ பெரும்பாலும் திரையும் இல்லை. முகமும் குருவின் கடிதமும் நடுவர்முன் விரிந்தே கிடக்கின்றன.

சிமோனின் நூலுக்கு வருவோம். அதன் பெருங்குறை எனக் கருதுவதைச் சொல்லியாக வேண்டும். தம்மைத் தள்ளிய நிறுவகத்தின் அளவுகோலை அவர் தள்ளவில்லை. 1963இல் கார்னகி மண்டபத்திலே பாடுகிறார். பாஹ்வை வாசிக்கவில்லையே என்று மனம் நோகிறார். மெட்கர் எவர்ஸின் கொலையும் பேர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பும் நிகழ்ந்த அதே 1963இன் கோபத்தில் பிறந்து 1964இல் வெளியான 'மிசிசிப்பி கொடாம்' பாடலைத் தென்மாநில வானொலி நிலையங்கள் சில தடைசெய்தன. கேர்ட்டிஸ் தரக்கூடிய எந்தச் சான்றிதழைவிடவும் அத்தடை பெறுமதி வாய்ந்தது. நூலாசிரியை இதனை ஓரளவே உணர்கிறார்.

எனினும் முற்போக்கு நண்பர் சிலர் இதிலிருந்து வேறொரு முடிவுக்குத் தாவுகின்றனர்: கேர்ட்டிஸ் மறுத்ததே நன்று, மறுத்திராவிட்டால் மக்கள் பாடகியை இழந்திருப்போம் என்பர். நான் இதனை வன்மையாக மறுக்கிறேன். பாஹ் வெள்ளையரின் முதுசொம் அன்று. ஒரு கறுப்பினச் சிறுமி அவரைத் தன்னுடையவராக்க விரும்பியது அடிமைப் புத்தியும் அன்று. அநீதியின் பலனைச் சுவைத்துக்கொண்டு அநீதிக்கு நன்றி கூறுவது விமர்சனமாகாது. 'லவ் மீ ஓர் லீவ் மீ' என்னும் சாதாரணக் காதற்பாட்டின் நடுவே அவர் பாஹ்வின் பாணியில் குரல்மேல் குரல் தொடுத்து வாசிக்கும் பகுதியைக் கேட்டவர்கள், இழந்தது எது, எஞ்சியது எது என்பதை ஒருங்கே அறிவர்.

மறுக்கப்பட்டபின் அவர் சோக்கொலொவிடம் தனிப்பாடம் கேட்டார். நிறுவகத்துள் இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடியது வெளியே காசுக்குக் கிடைத்தது. அந்தக் காசுக்காகவே 1954இல் அட்லாண்டிக் சிற்றியின் மதுச்சாலை ஒன்றில் வாரம் 90 டொலருக்கு வாசிக்கப் போனார். பாடினால்தான் வேலை என்று முதலாளி சொன்னதால் பாடத் தொடங்கினார். போதகரான தாயாருக்குத் தெரியாதிருக்கப் பெயரையும் மாற்றிக்கொண்டார். கேர்ட்டிஸ் நிறுவகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது 2003ஆம் ஆண்டு ஏப்ரலில். அப்போது அவர் பிரான்சில் நோயுற்றுக் கிடந்தார். இரண்டு நாட்களின் பின் இறந்தார்.