கருமை பிழையன்று!

மணவிழா ஆல்பங்களைப் புரட்டுகிறோம். மணமகளின் கை கருமை, முகமோ வெண்மை! ஒரே உடலில் இரு நிறம் எப்படி வந்தது? "அழகுபடுத்தினோம்" என்கின்றனர் ஸ்டூடியோக்காரர்கள். அழகா இது? வெளுப்பே உயர்வு என்னும் பழைய மடமை, புதிய கருவிக்குள் குடியேறிய கோலமன்றோ!

"காமிராவுக்கு ஏது நிறவெறி?" எனச் சிலர் கேட்பர். கருவிக்கு வெறியில்லை, ஆனால் அதற்கு அளவுகோல் வகுத்தவர் மனிதர். அமெரிக்கக் கோடக் நிறுவனம் 1950-களிலிருந்து படக்கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பிற்று. ஷெர்லி அட்டை என்பது அதன் பெயர். அதிலிருந்தவள் வெள்ளைப் பெண். அவள் மேனி சரியாகத் தெரிந்தால் வண்ணம் சரி! கருப்பர் முகம் நிழலில் மறைந்தாலும் கவலையில்லை. பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சாக்லெட் விற்போரும் மரச்சாமான் விற்போரும் முறையிட்ட பின்னரே பிலிமைத் திருத்தும் முயற்சி வலுத்தது என்பதை லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது. மரத்துக்குக் கிடைத்த மதிப்பு மனிதனுக்குக் கிடைக்கவில்லை!

இன்று பிலிம் அருகிவிட்டது, அளவுகோல் மாறிற்றா? காமிராவின் தானியங்கி அளவி, காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்க முனைவது. கருமுகம் படத்தை நிறைத்தால் அதை வெளுக்கும். பின்னே வெண்சுவர் இருந்தால் முகத்தை இருளாக்கும். ஆகவே முகத்திலேயே ஒளியை அளந்திட வேண்டும். நேர் எதிரே பளீரெனப் பாய்ச்சும் விளக்கு வேண்டா. பக்கவாட்டில் அகன்ற மென்னொளி போதும். சன்னல் வெளிச்சமே அதற்குச் சான்று. கருமேனியில் உருவத்தைக் காட்டுவது கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மினுமினுப்பு. பவுடர் பூசி அதைக் கொல்வானேன்? மஞ்சள் பல்பையும் டியூப் லைட்டையும் கலந்து எரித்தால் மேனி சாம்பல் பூத்துப்போகும். ஒருவகை விளக்கே நன்று.

அடுத்தது கணினித் திருத்தம். ஆரஞ்சு வண்ணத்தின் ஒளிர்வை உயர்த்தி, செறிவைக் குறைத்தால், மாநிறம் நொடியில் வெளுக்கும். வெளுப்பு வித்தையின் மறைபொருள் இவ்வளவே! நிழலைச் சற்றே தெளிவாக்குவது திருத்தம். தோலின் நிறத்தையே பறிப்பது திருட்டு.

"வாடிக்கையாளர் கேட்கிறாரே, நாங்கள் என்ன செய்ய?" என்பது ஸ்டூடியோக்காரர் வாதம். வயிற்றுப்பாட்டை நாம் இகழவில்லை. ஆனால் கேட்டவர் நல்ல படத்தைக் கண்டதுண்டா? உள்ள நிறத்திலேயே ஒளிரும் முகத்தை ஒருமுறை காட்டிவிட்டுக் கேளுங்கள்!

பாலோடு சிவப்பழகுக் களிம்பையும் ஊட்டி வளர்த்த சமுதாயம் இது. 2020-இல் அக்களிம்பின் பெயரிலிருந்து 'பேர்' என்ற சொல் நீங்கிற்று; உள்ளத்திலிருந்து நீங்கிற்றா?

தோழர்களே! உங்கள் இல்லத் திருமணத்தில் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முகமும் கழுத்தும் கையும் ஒரே நிறத்தில் இருத்தல் வேண்டும். கேட்பது சலுகையன்று, நம் முகம், நம் உரிமை!