டான் பிளேவினின் குழல்விளக்குகள்

ஓவியன் தீட்டும் வண்ணம் பிறவொளியை இரந்து நிற்பது. தானே ஒளிகாலும் பொருளைக் கொண்டு கலை செய்வோனுக்கோ வண்ணமும் விளக்கும் ஒன்றே. அமெரிக்கக் கலைஞர் டான் பிளேவின் (1933–1996) இவ்வழியிற் சென்றோருள் தலையாயவர். 1963ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், 8 அடி நீளமுள்ள மஞ்சட் குழல்விளக்கொன்றைச் சுவரிற் சாய்வாகப் பொருத்துவதையே அவர் ஒரு படைப்பாகக் கொண்டார். குழலோ கடையில் எவரும் வாங்கத்தக்க பண்டம். இது கலையாகுமோ என வினவுவார்க்கு விடை அக்குழலினுள்ளேயே உளது.

குழலினுள் இரசவாவியூடு மின் பாயுங்கால் கட்புலனாகாத ஊதாக்கடந்த கதிர் பிறக்கிறது. கண்ணாடியின் உட்புறத்திற் பூசிய ஒளிர்தூள் அதனைக் காணத்தக்க ஒளியாக மாற்றுகின்றது. பச்சைக்குரிய தூள் பேரொளி தரும். சிவப்போ நிறப்பூச்சினால் வடித்துப் பெறப்படுதலின் மங்கியே தோன்றும். பிளேவின் இவ்வேற்றத்தாழ்வைத் திருத்த முயலாது, அதனையே தம் கலையின் இலக்கணமாகக் கொண்டார். பச்சைக் குழல்களின் வரிசைமுன் சிறிது நேரம் நிற்பவர் கண் அந்நிறத்துக்குப் பழகி, அதனை வெண்மையென்றே கொள்ளத் தொடங்கும். வெளியே வந்ததும் உலகம் இளஞ்சிவப்பாய்த் தெரியும். காண்போன் கண்ணும் படைப்பின் ஒரு கூறாகிவிடுகிறது. இரசியக் கலைஞர் தற்லினை நினைந்து 1964 முதல் அவர் ஆக்கிய வெண்குழற் சின்னங்கள் இத்துணைச் சிறந்தன எனல் அரிது. அவற்றில் வடிவம் முந்துகிறது, ஒளி பிந்துகிறது.

மிலான் நகரில் மூசியோ என்னும் கட்டடக்கலைஞர் 1930களில் அமைத்த தேவாலயமொன்று, பிளேவின் இறப்பதற்குச் சின்னாள் முன் வகுத்த திட்டப்படி 1997இல் ஒளிபெற்றது. நடுக்கூடத்தில் நீலமும் பச்சையும், குறுக்குக்கூடத்தில் இளஞ்சிவப்பு, பலிபீடப் புறத்திற் பொன்னிறம். ஆங்கு சுவரே ஒளிர்வதுபோலும் மயக்கம் உண்டாகின்றது.

ஆயின் இரசம் நஞ்சு. மினமாற்றா உடன்படிக்கை நாடுகள், பொது வெளிச்சத்துக்கான குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டோடு நிறுத்த 2023இல் முடிவு செய்தன. மாற்றாகக் கூறப்படுவது ஒளிகாலும் இருவாயி. அதன் ஒளி சிறு புள்ளிகளினின்று ஒருபுறமாகவே செல்வது. குழலோ மேனி முழுதும் ஒளிர்ந்து தன் பின்னுள்ள சுவரையும் நனைப்பது. மேலும், இருவாயியால் வேண்டிய சிவப்பை வேண்டிய அளவிற் பெறலாம். பொறியியலார்க்கு இது சிறப்பு. பிளேவின் படைப்புக்கோ பிழை. பழைய முறையிற் குழல்களைத் தனியே செய்வித்தாலோ கடைப்பண்டம் என்னும் அடிப்படை கெடும். இரண்டனுள் ஒன்றை இழக்கவேண்டின், அம்மலிவை இழப்பதே தகும். மங்கிய சிவப்பை இழந்தபின் எஞ்சுவது வேறொருவர் படைப்பாகும்.