பனிக்கடியில் ஒரு கடல்

கற்பனைக் கோளும் இயற்கை விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது நம் எண்ணம். இலங்கையில் வாழ்ந்து, கடலில் மூழ்கித் தேர்ந்த ஆர்தர் சி. கிளார்க், ‘2010: ஒடிசி டூ’ (1982) புதினத்தில் அவ்வாறே செய்கிறார். வியாழனின் ஈர்ப்பு அதன் நிலவான யூரோப்பாவைப் பிசைய, வெப்பம் பிறக்கிறது. பனிக்கடியில் கடல் உறையாதிருக்கிறது. இருளில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் வாழ்கின்றன. 1977-இல் பசிபிக் ஆழ்கடலில் இத்தகைய ஊற்றுகளும் உயிர்களும் மெய்யாகவே காணப்பட்டன.

வியாழனை விண்மீனாக்கும் முடிவில்தான் நாம் நிறைவுறவில்லை. அதற்கு ஏறத்தாழ 80 மடங்கு நிறை வேண்டும்; ஆசிரியரோ மாயக் கற்பலகைகளை நாடுகிறார். எனினும், அவ்வுயிர்களுக்காக மனிதர் அங்கே இறங்கலாகாதெனும் தடை நெஞ்சைத் தொடுகிறது. காணாத கடலை இவ்வளவு மதிக்கும் நாம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தின் இறாலுக்கும் நண்டுக்கும் என்ன மதிப்பளித்தோம்?