வார இதழும் இரசிகர் தேர்வும்: அமெரிக்கச் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் திறனாய்வில் இடைவெளியின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கச் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ்கள் வாரந்தோறும் வெளியாகின்றன. அவ்வாரத்து இதழ்களுள் தமக்கு உகந்தவற்றைத் தேர்ந்து காரணம் கூறுவது இரசிகரிடையே நிலைத்துவிட்ட வழக்கம். தொகுப்பு நூலை மட்டும் மூலபாடமாகக் கொள்ளும் ஆய்வு, இத்தேர்வுகளை விருப்பு வெறுப்பு எனக் கருதி ஒதுக்கிவிடுகிறது. இதழுக்கும் இதழுக்கும் இடைப்பட்ட காலமும் அக்கதைகளின் வடிவக் கூறே என்பதையும், இரசிகர் தேர்வு அக்கூற்றுக்குக் கிடைக்கும் அரிய சான்று என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காமிக்ஸ், சூப்பர் ஹீரோ, வார இதழ், இரசிகர் தேர்வு, இரசனைமுறைத் திறனாய்வு, தொகுப்பு நூல்.

முன்னுரை

தமிழ்த் திறனாய்வில் இரசனைமுறைக்கு ஒரு நெடிய மரபு உண்டு. டி.கே. சிதம்பரநாத முதலியார் போன்றோர் காலத்தால் நிலைபெற்ற பாடல்களைத் தேர்ந்து, அவற்றின் நயத்தைப் பிறர்க்கு உணர்த்தினர். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இரசிகர் வாரந்தோறும் செய்யும் தேர்வும் அடிப்படையில் இரசனை சார்ந்ததே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இரசிகர் மதிப்பிடும் படைப்பு இன்னும் முற்றுப்பெறவில்லை. அடுத்த இதழ் இவ்விதழின் பொருளையே மாற்றிவிடக்கூடும். முற்றுப்பெறாத படைப்பின்மீது சொல்லப்படும் தீர்ப்புக்குத் திறனாய்வில் என்ன மதிப்பு என்பதே இங்கு எழும் வினா.

வாரச் சந்தையின் இயல்பு

அமெரிக்காவில் புதன்கிழமை புதிய காமிக்ஸ் நாளாக நெடுங்காலம் அறியப்பட்டுள்ளது. இவ்வழக்கத்திற்கு அடித்தளமிட்டது 1970களில் ஃபில் சூலிங் தொடங்கிவைத்த நேரடி விற்பனை முறை. இம்முறையில் கடைக்காரர் கூடுதல் கழிவு பெறுகிறார். அதற்கு ஈடாக, விற்காத இதழ்களைத் திருப்பி அனுப்பும் உரிமையை இழக்கிறார். ஆகவே எந்த இதழில் எத்தனை படிகள் வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே கணிக்க வேண்டியவராகிறார். வாடிக்கையாளர் கடையில் தந்து வைக்கும் முன்பதிவுப் பட்டியல் அக்கணிப்புக்குத் துணைசெய்கிறது. இதனால் இரசிகரின் விருப்பம் கடையின் கொள்முதலையும், அதன்வழி ஒரு தொடரின் ஆயுளையும் பாதிக்கும் ஆற்றல் பெறுகிறது.

இரசிகரின் மதிப்பீடு படைப்புலகுக்கு வெளியே நின்றுவிட்டதும் இல்லை. 1961இல் ஜெர்ரி பெயில்ஸ், ராய் தாமஸின் துணையுடன் ‘ஆல்டர் ஈகோ’ என்னும் இரசிகர் இதழைத் தொடங்கினார். அவ்விதழில் பங்கேற்ற ராய் தாமஸ் 1965இல் மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளராகச் சேர்ந்து, 1972இல் அதன் தலைமை ஆசிரியரானார்.

இடைவெளி என்னும் வடிவக் கூறு

ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ என்னும் நூலில், இரு சட்டகங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை வாசகரின் கற்பனையே நிரப்புகிறது என விளக்கினார். சட்டகத்திற்குக் கூறப்பட்ட இவ்விதியை இதழுக்கும் விரித்துக் காணலாம். ஓர் இதழின் இறுதிப் பக்கத்திற்கும் அடுத்த இதழின் முதற் பக்கத்திற்கும் நடுவே ஒரு வாரமோ ஒரு மாதமோ கிடக்கிறது. அக்காலத்தை ஐயம், ஊகம், எதிர்பார்ப்பு ஆகியவற்றால் வாசகர் நிரப்புகிறார்.

டி.சி. நிறுவனம் 2006 மே முதல் 2007 மே வரை வாரம் ஒன்றாக வெளியிட்ட ‘52’ என்னும் தொடர் இக்காலத்தைக் கதைக்குள்ளேயே ஏற்றுக்கொண்டது. ஜெஃப் ஜான்ஸ், கிராண்ட் மாரிசன், கிரெக் ரக்கா, மார்க் வெய்ட் ஆகிய நால்வரும் எழுதிய அதன் 52 இதழ்களும் கதையுலகின் ஓராண்டை வாரம் வாரமாகச் சொல்லின. அங்கே கதைமாந்தரின் வாரமும் வாசகரின் வாரமும் ஒன்றாக நடந்தன. தொகுப்பு நூலில் அதனைச் சில நாள்களில் படித்து முடிப்பவர்க்கு இவ்வொருமை கிடைப்பதில்லை.

‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’: பதினான்கு நாள்களின் இறப்பு

இக்கருத்தை மேலும் தெளிவாக்குவது ஜோனதன் ஹிக்மன் எழுதிய ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’, ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ என்னும் இணைத்தொடர்களாகும். முன்னதற்குப் பெப்பே லராஸும் பின்னதற்கு ஆர்.பி. சில்வாவும் முதன்மை ஓவியர்கள். தொடருக்கு ஆறாக அமைந்த 12 இதழ்களும் 2019 ஜூலை 24 முதல் அக்டோபர் 9 வரை வாரம் தவறாமல் வெளிவந்தன.

செப்டம்பர் 4 அன்று வந்த ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’ நான்காம் இதழில் சைக்ளோப்ஸ், ஜீன் கிரே, வுல்வரின், நைட்கிராலர் உள்ளிட்டோர் விண்வெளித் தாக்குதலில் மடிகின்றனர். அடுத்த வாரத்து இதழ் அவ்விறப்பைத் தொடராமல் வேறு காலங்களுக்குச் செல்கிறது. செப்டம்பர் 18இல் வந்த ஐந்தாம் இதழே அவர்களை மீள்பிறப்பிக்கும் முறையை வெளிப்படுத்துகிறது. ஜூலை 24இல் வந்த முதல் இதழின் தொடக்கத்தில் சேவியரின் முன் முட்டை போன்ற கூடுகளிலிருந்து உருவங்கள் வெளிப்பட்ட காட்சி எதனைக் குறித்தது என்பதும் எட்டு வாரங்களுக்குப் பின்னர் அப்போதே தெளிவாகிறது.

ஆகவே வார வாசகர்க்கு அவ்விறப்பு பதினான்கு நாள்கள் நீடித்தது. தொகுப்பு நூலின் வாசகர்க்கோ இடையில் ஓர் இதழின் பக்கங்களே உள்ளன. நான்காம் இதழை அவ்வாரத்தின் சிறந்த இதழாகத் தேர்ந்த இரசிகர் மதிப்பிட்டது ஓர் இறப்பை. முழுத்தொடரையும் அறிந்த ஆய்வாளர் மதிப்பிடுவது மீள்பிறப்பின் முன்னுரையை. சொல்லும் ஓவியமும் ஒன்றாயினும், வாசிப்பில் உருவாகும் பனுவல் இரண்டாகிறது. முதற்பனுவலுக்குச் சான்றாக எஞ்சுவது அவ்வாரத்திலேயே பதிவான இரசிகர் கருத்து மட்டுமே.

தேர்வின் வரம்புகள்

இதனால் வாரத் தேர்வு குறையற்றது என்பது பொருளன்று. மெல்ல விரியும் கதையைக் காட்டிலும் இறுதிப் பக்கத்தில் அதிர்ச்சி தரும் இதழுக்கு அத்தேர்வு எளிதில் வசப்படும். ‘இவ்வாரத்தின் சிறந்த இதழ்’ என்பதும் உடன்வந்த இதழ்களோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவதேயன்றித் தனித்த மதிப்பன்று. வாங்க இயன்றவற்றிலிருந்தே இரசிகர் தேர்கிறார் என்பதும் கருதத்தக்கது.

இடைவெளியில் பிறக்கும் தீர்ப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு 1988ஆம் ஆண்டின் ‘பேட்மேன்’ தொடர் சான்றாகும். ஜிம் ஸ்டார்லின் எழுதி ஜிம் அபரோ வரைந்த ‘எ டெத் இன் தி ஃபேமிலி’ என்னும் கதையில், 427ஆம் இதழின் முடிவில் ராபினாகிய ஜேசன் டாட் வெடிவிபத்தில் சிக்குகிறான். அவன் பிழைக்க வேண்டுமா என்பதைத் தொலைபேசி வாக்கால் முடிவு செய்யும் உரிமை வாசகர்க்கு வழங்கப்பட்டது. இறக்க வேண்டும் என 5,343 வாக்குகளும் பிழைக்க வேண்டும் என 5,271 வாக்குகளும் பதிவாயின. வெறும் 72 வாக்குகள் ஒரு கதைமாந்தனின் முடிவை உறுதிசெய்தன. இவ்வெண்களைக் கதையின் தரத்திற்கு அளவுகோலாகக் கொள்ளவியலாது. ஆனால் இரு இதழ்களுக்கு நடுவே வாசகர் மனம் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளவுண்டு நின்றமையை அவை காட்டுகின்றன. தொகுப்பு நூல் முடிவை மட்டுமே தருகிறது. பிளவு அதன் பக்கங்களில் இல்லை.

முடிவுரை

இரசிகரின் வாரத் தேர்வை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளின் அது பிழைபடும். வாசிப்பின் நாட்குறிப்பாகக் கொள்ளின் பெரிதும் பயன்படும். தொடர்வடிவப் படைப்பை ஆராய்வோர் தொகுப்பு நூலோடு இதழ்களின் வெளியீட்டு நாள், வரிசை, இடைக்காலம், அக்காலத்தில் பதிவான கருத்துகள் ஆகியவற்றையும் மூலபாடத்தின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும். இதழ்களில் தொடராக வந்து பின்னர் நூலாகிய தமிழ்ப் புதினங்களின் ஆய்வுக்கும் இந்நெறி பொருந்துவதே. முடிவை அறிந்தவரின் வாசிப்பு ஆழமுடையதாகலாம். எனினும் முடிவறியாது காத்திருந்தவர்க்காகவே அவ்விதழ்கள் முதலில் எழுதப்பட்டன என்பது திறனாய்வில் மறக்கத்தக்கதன்று.