மனிதனுக்கு மனிதன் ஏன் வேண்டும்? – பொன்ஹோபரின் 'கூடி வாழ்தல்' பற்றி ஒரு நோக்கு

மனிதனுக்கு மனிதன் ஏன் தேவைப்படுகிறான் என்னும் வினாவுக்குச் சமூகவியலும் உளவியலும் தத்தம் நிலைநின்று விடை பகர்ந்துள்ளன. உற்பத்தியின் பொருட்டு மனிதர் கூடுகின்றனர் என்பது ஒரு விடை. தனிமையச்சமே அவர்களைக் கூட்டுகின்றது என்பது மற்றொன்று. கிறிஸ்தவச் சிந்தனை இவ்விரண்டையும் முற்றாக மறுப்பதில்லை. ஆயினும் வினாவைப் படைப்பின் தளத்துக்கு நகர்த்துகின்றது. இருபதாம் நூற்றாண்டில் இந்நகர்வை ஆழமாகச் செய்தவர்களுள் ஒருவர் ஜேர்மானிய இறையியலாளர் டீற்றிச் பொன்ஹோபர் (1906 - 1945). 1939இல் வெளிவந்த அவரது 'கூடி வாழ்தல்' என்னும் சிறுநூலை மையமாகக் கொண்டு, அவர் தரும் விடையின் வலிமையையும் குறைபாட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. படைப்பும் எல்லையும்

இந்நூலின் வேர் அதற்கு முந்திய நூலொன்றில் உண்டு. ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்கள் பற்றிப் பொன்ஹோபர் 1932 - 33 மாரிகாலத்தில் பேர்லின் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகள், 'படைப்பும் வீழ்ச்சியும்' என 1933இல் நூலுருப் பெற்றன. மனிதன் தெய்வச் சாயலாகப் படைக்கப்பட்டான் என்பதன் பொருள் யாது? பகுத்தறிவே அச்சாயல் என்பது நெடுங்காலம் நிலவிய விளக்கங்களுள் ஒன்று. பொன்ஹோபரோ அதனை உறவிலே காண்கிறார். கடவுள் மனிதனுக்காகச் சுதந்திரராயிருப்பது போல, மனிதன் பிறனுக்காகச் சுதந்திரனாயிருத்தலே அச்சாயல். சுதந்திரம் என்பது ஒருவன் தன்னிடம் வைத்திருக்கும் உடைமையன்று. அது இருவரிடையே நிகழ்வது. எனவே, தனித்த மனிதன் சுதந்திரனாதல் இயலாது.

அவ்வாறாயின் பிறன் என்பவன் யார்? அவன் ஓர் எல்லை என்கிறார் பொன்ஹோபர். மனிதன் வரம்புடைய படைப்பு. அவ்வரம்பு உருக்கொண்டு கண்முன் நிற்பதே மற்ற மனிதன். அவனை நேசிக்கும்போது வரம்பு அருளாகின்றது. நேசம் அற்றவிடத்து அதே வரம்பு வெறுப்புக்குரிய தடையாகின்றது. பிறனைத் துணை என்று மாத்திரம் கூறியிருப்பின் இது வெறும் நல்லுரையாகவே நின்றிருக்கும். எல்லை என்று கூறியதனால், அன்புக்கும் பகைக்கும் ஒரே வேரை அவர் காட்ட முடிகின்றது. இஃது அவரது சிந்தனையின் தலையாய வலிமை எனலாம்.

2. ஐயத்தின் சூழல்

நாசி ஆட்சிக்கு இசைய மறுத்த 'அறிக்கையிடும் திருச்சபை' 1935இல் தொடங்கிய குருமார் பயிற்சிக் கல்லூரியொன்றுக்குப் பொன்ஹோபர் பொறுப்பாயிருந்தார். பின்கன்வால்டேயில் இயங்கிய அக்கல்லூரியை 1937 செப்டெம்பரில் இரகசியப் பொலிசார் மூடினர். அங்கு ஒரு விதி இருந்தது: சகோதரன் ஒருவனைப் பற்றி அவன் இல்லாதவிடத்துப் பேசலாகாது, பேசிவிட்டால் அதனை அவனிடம் சொல்லிவிட வேண்டும். இத்தகைய அனுபவங்களினின்றே 'கூடி வாழ்தல்' பிறந்தது.

நூலின் மையம் இருவகை அன்பு பற்றிய வேறுபாடாகும். உணர்வுவழிப்பட்ட அன்பு பிறனைத் தனக்காக வேண்டுகின்றது. இடைவெளியின்றி அவனை அடைய முயல்கின்றது. ஈற்றில் அவனை ஆள்கின்றது. ஆவிக்குரிய அன்போ இருவருக்குமிடையே கிறிஸ்து நிற்பதை ஏற்று, பிறனை அவனாகவே இருக்கவிடுகின்றது. பிறனுக்குச் செய்யும் பணிகளுள் பேச்சுக்கு முன்னதாகச் செவிசாய்த்தலை அவர் வைப்பதும் இதனாலேயே.

உணர்வின் மீது இத்துணை ஐயம் ஏன்? ஒரு தேசம் முழுவதும் தலைவன் ஒருவன் மீதுள்ள பரவசத்தில் ஒன்றாக உருகிக்கொண்டிருந்த காலம் அது. 1933 பெப்ரவரி 1ஆம் திகதி, தலைவன் என்னும் கருத்துப் பற்றிப் பொன்ஹோபர் நிகழ்த்திய வானொலி உரை முடியுமுன்னரே துண்டிக்கப்பட்டது. கூடுதல் எல்லாம் உறவாகாது என்பதை அவர் கண்ணாரக் கண்டவர். அவ்வகையில் அவரது ஐயம் நியாயமானதே.

3. இரு குறைகள்

ஆயினும், இவ்வையம் தன் எல்லையைக் கடந்துவிடுகின்றது. மனிதன் தனித்திருப்பது நன்றன்று என்னும் தீர்ப்பு ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வருகின்றது. வீழ்ச்சியோ மூன்றாம் அதிகாரத்தில் நிகழ்கின்றது. ஆகவே, பிறனை நாடும் ஏக்கம் பாவத்தின் விளைவன்று, படைப்பின் இயல்பு. இதனை நன்கறிந்த விரிவுரையாளர், ஐந்து ஆண்டுகளின் பின் அவ்வேக்கத்தைப் பெரும்பாலும் சந்தேகத்துடனேயே நோக்குகிறார். இருவர் ஒருவரையொருவர் விரும்பி நாடும் இயல்பான நட்புக்கு இந்நூலில் உரிய இடமில்லை.

இரண்டாவது குறை இதனினும் பாரதூரமானது. நூல் 1938இல் கேற்றிங்கன் நகரில், பொன்ஹோபரின் இரட்டைச் சகோதரி சபீனாவின் வீட்டில் எழுதப்பட்டது. வீடு வெறுமையாயிருந்தது. சபீனாவின் கணவர் யூத மரபினர். அக்குடும்பம் அவ்வாண்டு செப்டெம்பரில் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தது. விரட்டப்பட்டோரின் வீட்டிலிருந்து கூடி வாழ்தல் பற்றி எழுதப்பட்ட நூலில் விரட்டப்பட்டோர் இல்லை. அச்சூழலில் வெளிப்படையாக எழுதுதல் எளிதன்று என்பது உண்மையே. ஆயினும், பிறன் என்பவன் சகோதரன் என்னும் வட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறான் என்பதை மறைப்பதற்கில்லை.

4. சிறையில் திருத்தம்

இவ்விரு குறைகளையும் பின்னர் திருத்தியவர் பொன்ஹோபரே. 1943 ஏப்ரலில் அவர் கைதானார். பேர்லினின் தேகல் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களை, அவரது மாணவரும் நண்பருமான எபர்ஹார்ட் பெத்கே 1951இல் வெளியிட்டார். 1944 ஜனவரிக் கடிதமொன்றில், நட்பைக் கடமைகளின் வரிசையில் சேர்க்காது சுதந்திரத்தின் வெளிக்குரியதாக அவர் மதிக்கிறார். 1943 கிறிஸ்மஸ் காலக் கடிதம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது: அன்புக்குரியவர் இல்லாத வெற்றிடத்தைக் கடவுளும் நிரப்புவதில்லை, அது நிரப்பப்படாதிருப்பதாலேயே உறவு காக்கப்படுகின்றது என்கிறார். இடையே நிற்கும் கிறிஸ்து நண்பனுக்கு மாற்றீடு அல்லர் என்பது இங்கே தெளிவாகின்றது. 1944 ஓகஸ்டில் வரைந்த நூற்குறிப்பிலோ, பிறருக்காக இருக்கும்போது மாத்திரமே திருச்சபை திருச்சபையாகும் என்கிறார். வட்டம் உடைந்துவிடுகின்றது. 1945 ஏப்ரல் 9ஆம் திகதி புளொசன்பேர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஆகவே, 'கூடி வாழ்தல்' தனித்து வாசிக்கப்படலாகாது. படைப்பு பற்றிய விரிவுரைகளுக்கும் சிறைக் கடிதங்களுக்கும் இடையே வைத்து வாசிக்கப்பட வேண்டும். அவ்வாறு வாசிப்பின் கிறிஸ்தவ நோக்கின் விடை தெளிவுறும்: மனிதனின் குறையை நிரப்பும் பொருளாகப் பிறன் தரப்படவில்லை, மனிதன் மனிதனாவதே அவன் முன்னிலையிலேதான். கிறிஸ்துவை ஏற்காத வாசகருக்கும் இவ்விடை ஒரு வினாவை விட்டுச்செல்கின்றது. பிறனை விழுங்கிவிடாதபடி இருவருக்குமிடையே நின்று காப்பது யாது? அவ்விடத்தில் எதனை வைப்பதென்பதை அவர் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும். அவ்விடத்தை வெறுமையாக விடுதல் எத்தகைய கூட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பதற்கு 1930களின் ஜேர்மனி சான்று.